ரொட்டி வண்டியின் பின்கதவு

வண்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டுவது என்ன பெரிய வித்தை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் நோட்டுக்கு அட்டை போடுவதில்லையா என்று கேட்கிற மேதாவிகள் உண்டு. அப்படிக் கேட்டால் அக்கா கோபித்துக்கொள்ள மாட்டாள். ஒரு துண்டு பிலிமையும் அதைத் தேய்த்து ஒட்டுகிற ரப்பர் பட்டையையும் கையில் கொடுத்து, "இந்தாங்க, இந்தப் பக்கக் கண்ணாடிக் கூட்டுக்கு மட்டும் ஒட்டிக் காட்டுங்க, போதும்" என்பாள். கொஞ்ச நேரத்தில் பிலிம் கண்ணாடியில் இருக்காது, அந்த மனிதரின் முழங்கையில் இருக்கும். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

தெருவில் எல்லோருக்கும் அவள் அக்காதான். அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். கூடப் பிறந்து அப்படிக் கூப்பிட உரிமையுள்ளவன் ஒருவன்தான், தம்பி. பட்டறை இரண்டு பேருக்கும் பொது. உள்ளறையில் பிரிண்டும் லேமினேஷனும் தம்பியின் ராஜ்ஜியம். வெளிக்கூடத்தில் வண்டியும், பிலிமைச் சூடாக்கி வளைக்கிற ஹீட் கன்னும் அக்காவின் ராஜ்ஜியம். அவன் அடித்துக் கொடுப்பான், அவள் ஒட்டுவாள். சண்டை வரும், போகும். மத்தியானச் சாப்பாட்டுக்கு இருவரும் ஒன்றாகத்தான் வீட்டுக்குப் போவார்கள்.

அந்த வருஷம் ரொட்டி கம்பெனி வேலை ஒன்று வந்தது. கம்பெனிக்கு ஊரெல்லாம் வண்டிகள். எல்லாவற்றையும் செம்பு நிறத்துக்கு மாற்றப் போகிறார்கள். சாதாரணச் செம்பு நிறம் இல்லை, அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய பாத்திரம் மாதிரி மினுங்க வேண்டுமாம். முதலில் ஒரே ஒரு வண்டி. அது மேனேஜருக்குப் பிடித்துவிட்டால் அத்தனை வண்டியும் இந்தப் பட்டறைக்கு. பிடிக்காவிட்டால் கும்பிடு போட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். கைக்கு வந்த மற்ற வேலைகளையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு அக்கா இதில் இறங்கினாள். இந்த வேலை கிடைத்தால் இனி வாசலில் நின்று ஆள் பிடிக்க வேண்டாம், பட்டறை நிலைத்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

இந்த மினுமினுப்பு எப்படி வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. முதலில் ஸ்டிக்கரில் நிறத்தையும் படத்தையும் சாதாரணமாக அச்சடிப்பார்கள். மை நன்றாகக் காயவிட வேண்டும், அவசரப்பட்டால் எல்லாம் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிடும். காய்ந்ததும் அதன்மேல் இன்னொரு மெல்லிய பிலிமை மெஷினில் அழுத்தி ஒட்டுவார்கள். கண்ணாடி போன்ற அந்த மேல்பிலிமுக்குள் உலோகத் தூள் கலந்திருக்கும். கீழே இருப்பது வெறும் மை, மேலே பிலிம் விழுந்ததும் அதே மை தகடாகிவிடும்.

ஆனால் அந்தத் தூளுக்கு ஒரு திசை உண்டு. வெல்வெட் துணியை ஒரு பக்கம் தடவினால் வெளுக்கும், மறுபக்கம் தடவினால் கறுக்கும் இல்லையா, அந்தக் கதைதான். வண்டியின் எல்லாத் துண்டுகளும் ஒரே திசையில் ஒட்டப்பட வேண்டும். ஒரே ஒரு கதவைத் தலைகீழாக ஒட்டினாலும் போயிற்று, அது மட்டும் வேறு நிறத்தில் நிற்கும். எழுத்தும் படமும் உள்ள துண்டு என்றால் எது மேலே எது கீழே என்று குழந்தைக்கும் தெரியும். வெறும் நிறம் மட்டும் உள்ள துண்டில் என்ன தெரியும்? அதிலும் வெயிலில்தான் வித்தியாசம் தெரியும். டியூப் லைட் வெளிச்சத்தில் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். தூசி வந்து பிலிமுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் என்பதால் பட்டறையின் ஷட்டரை இறக்கிவிட்டுத்தான் ஒட்டுவார்கள். ஆகவே ஒட்டுகிறவளுக்கு ஒரே துணை, ஒட்டும்போது உரித்துப் போடுகிற பின்தாளில் போட்ட அம்புக்குறி.

அந்த அம்புக்குறி தம்பியின் யோசனை. மெஷினிலிருந்து பிலிம் வெளியே வர வர, பின்தாளின் நடுவே மார்க்கர் பேனாவால் நீளமாக ஒரே கோடு இழுத்துக்கொண்டே போவான். சாண் இடைவெளியில் அம்பு முனை போடுவான். பிறகு எப்படி வெட்டினாலும் ஒவ்வொரு துண்டிலும் கோடும் முனையும் இருக்கும். அக்கா அம்பு மேலே பார்க்க ஒட்டிக்கொண்டே போவாள், யோசிக்கவே வேண்டாம்.

முன்பெல்லாம் அவள் அம்பையும் பார்ப்பாள், கடைசியில் வண்டியை வெயிலுக்குத் தள்ளித் தன் கண்ணாலும் பார்ப்பாள். இப்போது வெயிலில் அவளுக்குப் பார்க்க முடிவதில்லை. கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. நிழலில், கைக்கெட்டும் தூரத்தில் எல்லாம் சுத்தமாகத் தெரியும். கத்தி முனையை மயிரிழை பிசகாமல் ஓட்டுவாள். வெயிலில் பளபளக்கிற எதைப் பார்த்தாலும் பால் கொட்டின மாதிரி வெள்ளையாகிவிடும். ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரொட்டி வண்டி முடியட்டும் என்று அவள் தள்ளிப் போட்டாள்.

இதை ஒருவனிடம்தான் சொன்னாள். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

"வெளிய மூச்சு விடாதடா. கண்ணு தெரியாதவகிட்ட யாரு வண்டியக் குடுப்பாங்க?"

தம்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "எனக்குக் கண்ணு இருக்குல்லக்கா? வெயில்ல நான் பாத்துச் சொல்றேன். நீ ஒட்டு."

அன்றைக்கு அக்கா ஷட்டருக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்திக்கொண்டாள். இப்படி ஒரு தம்பி யாருக்கு வாய்க்கும் என்று அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. அதிலிருந்து வண்டி வெளியே போகும்போதெல்லாம் அவன் பக்கத்தில் வந்து நிற்பான், காதோடு காதாகச் சொல்வான், அவள் தலையை ஆட்டுவாள். பார்க்கிறவர்கள் அவளே பார்த்துச் சொல்வதாக நினைத்துக்கொள்வார்கள்.

ரொட்டி வண்டியை முடித்த மறுநாள் காலையில் அக்கா குளித்து, நல்ல உடையாக எடுத்து உடுத்திக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். தம்பி அவளுக்கு முன்பே வந்து ஷட்டரைத் திறந்து வண்டியை வெளியே நிறுத்தியிருந்தான். நல்ல வெயில். அவள் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். ஏதோ பெரியதாக, வெள்ளையாக, கூசிக்கொண்டு நின்றது.

"எப்படிடா இருக்கு?"

"சூப்பரா இருக்குக்கா."

"பின்னாடி?"

"சொல்றேன்ல. அள்ளுது."

அவன் குரல் கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. தூக்கம் இல்லையோ என்னவோ என்று நினைத்துக்கொண்டாள். அதற்குள் மேனேஜரும் டிரைவரும் வந்துவிட்டார்கள்.

மேனேஜர் மெதுவாகப் பேசுகிற மனிதர். வண்டியின் முன்னால் நின்று, "அடடா" என்றார். பக்கவாட்டுக்குப் போய், ரொட்டிப் படத்தைத் தடவிப் பார்த்து, "ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றார். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. டிரைவர் வண்டியைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனான். அங்கிருந்தே கூப்பிட்டான்.

"சார், இங்க வாங்களேன். இந்தக் கதவு மட்டும் வேற வண்டிக் கதவு மாதிரி இருக்கு."

பின்னால் இரட்டைக் கதவு. ஒன்று செம்பாக மினுங்கியது, ஒன்று பழுப்புக் கருப்பாகத் துருப்பிடித்தது போல நின்றது. இது மேனேஜருக்குத் தெரிந்தது, டிரைவருக்குத் தெரிந்தது, எதிர்க்கடையில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவனுக்கும் தெரிந்தது. அக்காவுக்குத் தெரியவில்லை. அவளுக்கு இரண்டு கதவும் ஒரே வெள்ளை.

"டிரைவர் சீட் பக்கக் கதவும் அப்படித்தான் சார்" என்றான் டிரைவர்.

அக்கா தம்பி பக்கம் திரும்பினாள். பட்டறை நிழலில் அவன் முகம் அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாவம், பதறிவிட்டான், அம்பைத் தப்பாகப் போட்டுவிட்டான் போலிருக்கிறது, காலையில் சரியாகவும் பார்க்கவில்லை போலிருக்கிறது என்று அவள் மனசு அந்த நேரத்திலும் அவனுக்காகத்தான் அடித்துக்கொண்டது. என்ன மனசோ போங்கள்! மேனேஜர் அவனை ஒரு வார்த்தை கேட்டுவிடக் கூடாதே என்று அவளே முந்திக்கொண்டாள்.

"என் தப்புதான் சார். ஒட்டினது நான். ரெண்டு துண்டு தலைகீழாப் போயிடுச்சு. பிரிச்சு ஒட்டித் தந்துடறேன்."

மேனேஜர் அவளைக் கொஞ்சம் தள்ளி நிழலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. உங்க வேலை மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா முதல்ல கண்ணப் பாத்துக்குங்க. இந்த நிலைமையில இவ்வளவு பெரிய வேலைய நீங்க இழுத்துப் போட்டுக்க வேணாம்."

"கண்ணா?"

"உங்க தம்பி எல்லாம் சொன்னாரு. போன வாரமே ஆபீசுக்கு வந்திருந்தாரு. உங்களுக்குத் தெரிஞ்சுதான் வந்தாருன்னு நினைச்சேன். அவர் புதுசாப் போடற கடையில இந்த வேலையப் பாத்துக்கறேன்னாரு. நானும் இந்த வண்டியப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்னுதான் இருந்தேன்."

அவர் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. அவர் பக்கத்துக்கு அவர் செய்தது நியாயம். வண்டியை எடுத்துக்கொண்டு அவர்கள் போனார்கள். அக்கா அந்த இடத்திலேயே நின்றாள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி என்று சொல்வார்களே, அது அவளுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

தம்பி உள்ளறைக்குள் போய் மெஷினை ஓட்ட ஆரம்பித்துவிட்டான். ஒன்றும் நடக்காதது போல!

புதுக்கடை போடட்டும், அது வேறு. மேனேஜரிடம் கண்ணைப் பற்றிச் சொன்னான், அதுகூட ஏதோ வாய்தவறி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த அம்பு? பதினைந்து வயதிலிருந்து அந்த மெஷின் முன்னால் நிற்கிறவன், கண்ணை மூடிக்கொண்டு கோடு இழுக்கிறவன், அவனுக்கா தப்பும்? அக்கா கழிவுப் பெட்டியைத் தரையில் கவிழ்த்தாள். உரித்துப் போட்ட பின்தாள்கள் சுருண்டு சுருண்டு விழுந்தன. ஒவ்வொன்றாக விரித்து முழங்காலால் அழுத்தி, டியூப் லைட்டுக்குக் கீழே பார்த்தாள். இந்த வெளிச்சத்தில், இந்தத் தூரத்தில் அவள் கண்ணுக்கு ஒரு குறையும் கிடையாது.

பின்கதவுத் தாள்கள் இரண்டும் கிடைத்தன. ஒரே நீளத்திலிருந்து அடுத்தடுத்து வெட்டியவை. வெட்டின இடத்தைச் சேர்த்து வைத்தால் கோடு இம்மி பிசகாமல் ஒன்றுகூடியது. ஒரே கோடு, ஒரே இழுப்பு. ஆனால் ஒரு தாளில் அம்பு முனைகள் ஒரு பக்கம் பார்த்தன, மறு தாளில் எதிர்ப்பக்கம் பார்த்தன. எப்படி? முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். எதிர்ப்பக்கம் பார்த்த ஒவ்வொரு முனைக்கும் கீழே மங்கலாக ஒரு பழைய முனை. ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் அதைத் துடைத்திருந்தது தெரிந்தது. துடைத்த இடத்தில் தாளின் பளபளப்பும் போயிருந்தது, தாளில் அச்சடித்திருந்த சாம்பல் கட்டங்களும் கலைந்திருந்தன. ஒவ்வொரு முனையாக, பொறுமையாக, உட்கார்ந்து துடைத்துத் திருப்பிப் போட்டிருக்கிறான். டிரைவர் பக்கக் கதவுத் தாளிலும் அதே வேலை.

தப்பு ஒரு நொடியில் நடந்துவிடும். இதற்கு உட்கார வேண்டும், துணியை நனைக்க வேண்டும், காய விட வேண்டும்.

தாள்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய் மெஷினின் சுவிட்சை அணைத்தாள். தம்பி திரும்பினான். அவள் கையில் இருப்பதைப் பார்த்தான்.

"ஏண்டா?"

"அக்கா, நான் சொல்றதக் கேளு..."

"கேக்கத்தானே வந்திருக்கேன். சொல்லு."

"ஊர்ல எல்லாரும் அக்கா கடைன்னுதான் சொல்றாங்க. நான் ஒருத்தன் உள்ள நிக்கிறது யாருக்காவது தெரியுமா? நான் அடிக்கலன்னா நீ எத ஒட்டுவ? எனக்குன்னு ஒண்ணு வேணாமா?"

"வேணும்னு கேட்டியாடா? ஒரு நாள், ஒரே ஒரு நாள் வாயத் திறந்து கேட்டியா? கேட்டிருந்தா பட்டறைச் சாவிய உன் கையில குடுத்துட்டு நான் ஓரமா உக்காந்திருப்பேனே!"

"நீ குடுத்திருப்ப. குடுத்தாலும் அது அக்கா குடுத்ததாத்தான் இருக்கும்."

அவன் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்ததோ என்னவோ. ஆனால் அவன் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"உன்னை நான் விட்டுடுவேனா? எனக்கு வளைவுல எல்லாம் ஒட்ட வராதுன்னு உனக்கே தெரியும். புதுக்கடைக்கு நீயே வந்துடு. மாசம் பிறந்தா சம்பளம். பின்னாடி ஷெட்டுல நிழல்லயே உனக்கு இடம் வச்சிருக்கேன்."

அக்கா அவனையே பார்த்தாள். அவன் கிண்டல் செய்யவில்லை. நல்லது செய்வதாகவே நினைத்துக்கொண்டு சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"எனக்குக் கண்ணு தெரியலன்னு ஊருக்குச் சொல்லிட்டு, அதே கண்ண வேலைக்கு வா வான்னு கூப்பிடறியா? வெக்கமா இல்லையாடா உனக்கு? காலைல என் பக்கத்துல நின்னு சூப்பரா இருக்குன்னு சொன்னியே, அந்த வாயிதானே இது?"

அவன் அழுதான். அதையும் சொல்லத்தான் வேண்டும். அழுதுகொண்டே மேஜை மேல் கிடந்த தன் பொருள்களைப் பையில் போட்டுக்கொண்டு, பின்வாசல் வழியாகப் போனான். மத்தியானச் சாப்பாட்டு நேரம். முதல் தடவையாக அக்கா தனியாக வீட்டுக்கு நடந்தாள்.

வழியெல்லாம் ஒரே நினைப்பு, அம்மாவுக்கு எப்படிச் சொல்வது? மகன் அக்காவின் முதுகில் குத்திவிட்டான் என்று தெரிந்தால் அம்மா உடைந்துபோவாளே. இந்தச் செய்தி அம்மா காதுக்குப் போகாமல் எவ்வளவு நாள் மறைக்க முடியும்? கடையைப் பிரித்துக்கொண்டோம், மனசு ஒத்துத்தான் பிரிந்தோம் என்று சொல்லிவிடலாம். அம்புக்குறிக் கதையை விட்டுவிடலாம். அம்மா இருக்கிறாளே, அது போதும். வீட்டுப் படி ஏறும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அம்மா சமையலறையில் இருந்தாள். தட்டு போட்டாயிற்று. அக்காவுக்குப் பிடித்ததாக ஒன்றுக்கு மூன்று வகை. சாதாரண நாளில் இப்படிச் செய்கிறவள் இல்லை அம்மா.

"வாம்மா. கையக் கழுவிட்டு உக்காரு. எல்லாம் ஆறிடும்."

அக்கா உட்கார்ந்தாள். அம்மா பரிமாறினாள். அம்மா அவள் தலையைத் தடவிவிட்டாள்.

"போனா போகுது விடு. ஒரு வேலை போனா இன்னொண்ணு வரும். மனச விட்டுடாத."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையேம்மா."

அம்மா கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

"தம்பி சொன்னான்."

"இங்க வந்தானா?"

"இல்லையே."

"போன் பண்ணானா?"

"இல்லம்மா, அது... காலைலயே சொல்லிட்டுத்தான் போனான்."

"காலைல எப்ப?"

"நீ குளிச்சிட்டு இருந்த." அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. அன்றைக்கும் வரவில்லை. "இன்னிக்கு அக்கா மனசு உடைஞ்சு வருவா, ஒண்ணும் கேக்காத, அவளுக்குப் பிடிச்சதாச் செஞ்சு வையின்னான். எனக்கு மட்டும் நல்லாவா இருக்கு? ரெண்டும் என் வயித்துல பிறந்ததுதான். உன் கண்ணு வேற இப்படி இருக்குங்கறான். எத்தனை நாளைக்கு உன்னால முடியும்? அவன் ஆம்பளப் பிள்ளை, அவன் ஒரு நிலைக்கு வந்துட்டா உன்னையும் பாத்துப்பான்னுதான்..."

அம்மா இன்னும் என்னென்னவோ சொன்னாள். அக்கா காதில் விழவில்லை. தான் குளித்துக்கொண்டிருந்ததும், நல்ல உடையாகத் தேடி எடுத்ததும், வாசலில் நின்று "போய்ட்டு வரேம்மா, வேண்டிக்கோ" என்று சொன்னதும், அதற்கு அம்மா "நல்லபடியா முடியும், போய்ட்டு வா" என்று சொன்னதும் அவள் கண்முன்னால் வந்தன.

"கண்ணு போனா போகட்டும்னு இருந்தேன்மா" என்றாள் கடைசியில். குரல் உயரவில்லை. "நீங்க ரெண்டு பேரும் இருக்கீங்க, எனக்கென்ன குறைன்னு இருந்தேன்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா எழுந்தாள். கை வைக்காத தன் தட்டை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டுபோய் அம்மாவின் முன்னால் வைத்தாள்.

"நீ சாப்பிடும்மா. நான் அழுதுகிட்டு வருவேன்னு காலைலேர்ந்து காத்துகிட்டு இருந்திருப்ப. பசிச்சிருக்கும்."